சேது வழியில் சக்கர வீடு

பிள்ளை வரம் கேட்டு ராமேசுவரம் போனார்கள். பிள்ளை பிறந்ததும் நேர்த்திக்கடன் செலுத்தப் போனார்கள். பெற்றவர்கள் காலமானதும் திதி கொடுக்கப் போனார்கள். காசிக்குப் போக நினைத்தவர்களும் முதலில் சேதுவில் மணல் எடுத்துக்கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. காரணம் எதுவானாலும் பெண்சாதி பக்கத்தில் இருக்க வேண்டும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாரக்கணக்கில் வழியிலேயே வாழ்ந்த நெடும்பயணம் என்றால், தமிழ்நாட்டில் பல தலைமுறைகளுக்கு அது சேது யாத்திரைதான்.

வடக்கேயிருந்து கடலோரமாக இறங்கியவர்களுக்கு மீமிசல், தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் என்று வழி போகும். உப்பூரில் கூரையே இல்லாமல் வெயில் காயும் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து, பிள்ளை வேண்டுகிறவர்கள் திருப்புல்லாணியில் பாயசம் வாங்கிச் சாப்பிட்டு, அப்புறம் மண்டபம். இந்த வழியில் தொண்டிக்கும் உப்பூருக்கும் நடுவே, கடல் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற மீனவர் ஊர் காரங்காடு. யாத்திரைக்காரர்கள் அதற்குள் போக வேண்டிய தேவை எதுவும் அன்று இருந்திருக்காது. இன்று அந்தச் சாலையில் வருகிறவர்கள் வேலை மெனக்கெட்டுத் திரும்புகிற இடமே அதுதான்.

அந்த நாள் யாத்திரைக்குக் கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரிப்பார்கள். மூலையில் அரிசி, பருப்பு, புளி மூட்டைகள், பித்தளைப் பாத்திரம், கூஜாவில் தண்ணீர். முதல் ஓரிரு நாளைக்குக் கட்டுச்சோறு. பல்லை உடைக்கிற பொரிவிளங்காய் உருண்டை மட்டும் ஊர் திரும்பும்வரை தாங்கும். வண்டிக்கு அடியில் மாட்டுத் தீவனமும் லாந்தரும் தொங்கும். கள்ளர் பயத்துக்காகப் பல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். படுக்கலாம், சாமான் வைக்கலாம். அதற்குமேல் அந்த வண்டிக்குள் ஒன்றும் கிடையாது. வீட்டின் மற்ற பகுதிகள் எல்லாம் சாலையில்தான் இருந்தன. அடுப்படி சத்திரத்தில். குடிதண்ணீர் ஊருணியில். சாய்ந்துகொள்ளத் திண்ணை, முகம் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு வாசலில்.

சத்திரம் என்றால் வெறும் மண்டபம் என்று நினைத்துவிடக் கூடாது. 1799-இல் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நின்ற தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, சத்திரங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ராமேசுவரம் போகும் சாலையில் இருந்த சத்திரங்களில் என்னவெல்லாம் நடந்தது என்று அதில் விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு. நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும். வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பேறு பார்க்க ஏற்பாடு. அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த சத்திரங்களும் இருந்தன, எல்லாருக்கும் ஒரே வரவேற்பு கிடைத்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த நடுராத்திரி மணி என்னை விடமாட்டேன் என்கிறது. இரவில் வந்து சேரும் அந்நியருக்குப் பசிக்கும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்கென்று ஒரு ஆளை விழித்திருக்கச் சொன்ன நிர்வாகம் அது.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறந்தது. போட் மெயில் ரயில் நேரே தனுஷ்கோடிவரை போயிற்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மாட்டு வண்டியும் சத்திரமும் ஒரு தலைமுறைக்குள் தேவையற்றுப் போயின. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை, வந்துகொண்டிருந்த ரயிலோடு சேர்த்து, அடித்துக்கொண்டு போனது. 1988-இல் பாம்பனில் சாலைப் பாலம் வந்தபின் பேருந்தும் காரும் ராமேசுவரம் தீவுக்குள் நுழைந்தன. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை தார்ச்சாலை. 2025 ஏப்ரலில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுவில் செங்குத்தாக மேலே எழும்பும் புதிய ரயில் பாலம். சாலையின் கதையை இப்படிப் பாலங்களை வைத்தே சொல்லி முடித்துவிடலாம். எனக்குச் சொல்ல வேண்டியது சாலையோரத்தைப் பற்றி.

நானும் என் வீட்டுக்காரரும் இந்த வழியில் போனது வாடகைக்கு எடுத்த ஒரு கேரவனில். சினிமாக்காரர்கள் உட்காரும் பெரிய பேருந்து இல்லை. வேனை வீடாக மாற்றியது. மடக்கினால் இருக்கை, விரித்தால் கட்டில். சின்ன ஃபிரிட்ஜ், ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. கூரைமேல் சோலார் தகடு, இருக்கைக்கு அடியில் பேட்டரி, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கழிப்பறை. பேருந்துப் பயணம் என்றால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்களுக்குத்தான் அந்தக் கதவின் அருமை தெரியும். கூண்டு வண்டியில் போனவளுக்கு அது பொழுது விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே கிடைத்த வசதி. இந்த ஒன்றில் இன்றைய வண்டியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் இப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு அரிசோனா, யூட்டா என்று பாலை நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வண்டி பாதி வசதிதான், மீதிப் பாதி முகாம் திடல்: வண்டி நிறுத்த எண் போட்ட இடம், தண்ணீர்க் குழாய், கழிவை இறக்கத் தனித் தொட்டி. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் வண்டிகள் தங்கத் திடல் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. தொண்டியிலிருந்து தனுஷ்கோடிவரை எங்கள் கண்ணில் அப்படி ஒரு திடல் படவில்லை. பெட்ரோல் பங்கின் ஓரத்தில், லாரிகளுக்கு நடுவே இரவைக் கழித்தோம்.

இது பாலைவனம் இல்லைதான். என்றாலும் சித்திரை வெயிலில் தொண்டியைத் தாண்டித் தெற்கே வந்து பாருங்கள். வெடித்த கண்மாய், இருபுறமும் சீமைக்கருவேலம், தூரத்தில் கரிமூட்டப் புகை, கடல் பக்கம் வெள்ளையாகப் பூத்த உப்புத் தரை, ஒற்றைப் பனை. வேலை செய்யாத அரசு ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு இந்த ராமநாதபுரம் மாவட்டம்தான். பக்கத்திலேயே நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இருக்கிறது. அத்தனை மடை வைத்துத் தண்ணீரைச் சேர்த்தவர்கள், அது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்கள்.

வழியில் ஓர் ஊரில் தொட்டியை நிரப்பலாம் என்று தெருக்குழாய் பக்கம் வண்டியை நிறுத்தினோம். நாலு குடம் பதியும்படி வட்டம் வட்டமாகக் கம்பி வளைத்த தள்ளுவண்டிகள் அங்கே வரிசையில் நின்றன. இந்த மாவட்டத்துப் பெண்களின் கையோடு பிறந்த வண்டி அது. ஒவ்வொரு குடமாக நிரம்ப நிரம்ப, ஒரு சிறுமி குடத்தின் கழுத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் ஏந்தி அடுத்த குடத்தில் விட்டாள். எங்கள் தொட்டிக்கு நூறு லிட்டர் வேண்டும். அந்தத் தள்ளுவண்டி இரண்டு நடை போய்வர வேண்டிய தண்ணீர். "ஏங்க, வேண்டாம், வண்டிய எடுங்க" என்றேன். ராமநாதபுரம் போய்க் கேன் தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றிக்கொண்டோம். கூண்டு வண்டிக்காரர் ஒரு கூஜாவுக்கு மட்டும் ஊருணியில் இறங்கினார். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்ட வீட்டுக்கு ஊரிடமிருந்து தேவைப்படுவது குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது.

காரங்காட்டில் இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்த்தோம். கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். படகு ஓட்டுகிறவர்கள் இந்த ஊர் மீனவர்கள். ஓடையின் இரு கரையிலும் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன மூச்சு வேர்கள். படகு கிளைக்கு அடியில் நுழைந்தபோது ஓட்டியவர் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் பொடிப்பொடியாக உப்பு, வெயிலில் மினுங்கிக்கொண்டு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கடல் நீரைக் குடித்து, வேண்டாத உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிட்டுப் பிழைக்கிற மரம். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இந்த வேர்களுக்கு நடுவேதான் வளர்கின்றன. "இந்தக் காடு இருக்குறவரைக்கும் எங்களுக்குப் பாடு உண்டு" என்றார் அவர். முன்பு விறகுக்கு வெட்டப்பட்ட மரம். இப்போது ஒரு கிளை ஒடிந்தாலும் ஊர் கேட்கிறது.

கரையில் ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள், நண்டு சூப்பும் மீனும். எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்த ஒரு அம்மா, அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளயே சமையக்கட்டா? அப்ப எங்க கையால சாப்பிட மாட்டீகளா?" என்றார். சாப்பிட்டோம். காசு கொடுத்துத்தான் சாப்பிட்டோம், தர்மச் சோறு இல்லை. ஆனால் சோறு வைத்தவர் எந்த ஊர், எத்தனை பிள்ளை, எதற்காக இப்படி வண்டியிலேயே அலைகிறீக என்று கேட்டார். "காலு வலிக்கலையா தாயி?" என்று சுடுதண்ணீர் கொடுத்தார். இந்தப் பயணம் முழுவதும் எங்களை விருந்தாளியாக நினைத்தவர் அவர் ஒருவர்தான். சத்திரம் செய்த வேலையில் ஒரு துண்டு இந்தக் கரையில் மிச்சம் இருக்கிறது.

அதற்கப்புறம் தெற்கே, மண்டபம் தாண்டி. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா என்கிற ஆண் கடல், இன்னொரு பக்கம் பாக் விரிகுடா என்கிற பெண் கடல். ஆண் கடலில் தூத்துக்குடிவரை 21 தீவுகளைச் சேர்த்து, 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். கடலுக்குள் இருக்கும் பூங்கா என்பதால் வண்டியில் போகிறவர்களுக்கு அது கண்ணுக்கெட்டிய நீலமும் சில கரும்புள்ளிகளும்தான். ஒரு காலத்தில் இந்தக் கரையில் கடற்பசு இறைச்சி கூறு போட்டு விற்றது. பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், சுவர் வைத்தார்கள். இரண்டும் இன்று குற்றம். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசுக் காப்பகமானது. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்களே வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்தார்கள். அங்கே பொழுது சாய்ந்தால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதுதான் சரி. அந்த மணலில் மனிதர் ராத்தங்கி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

தங்க வேண்டிய இடம் வேறு. இந்தச் சாலையில் கேரவன்கள் இனி அதிகம் வரும், அதைத் தடுக்கவும் வேண்டாம். வயதான தம்பதிக்கு, குழந்தையோடு போகிற தாய்க்கு, மாற்றுத்திறனாளிக்கு இதைவிடச் சௌகரியமான வண்டி கிடையாது. வருகிற வண்டிக்குச் சத்திரம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பெரிய செலவு இல்லை. காரங்காடு பிரிவுச் சாலையில், ஊருக்கு வெளியே மேட்டுப் பாங்கான இடத்தில் ஐந்தாறு வண்டி நிற்க ஒரு திடல், வெளிச்சம், கரண்ட் இணைப்பு. தண்ணீர் வேண்டுமென்றால் வெளியிலிருந்து லாரியில் வந்ததை விலைக்குக் கொடுக்கட்டும், தெருக்குழாயில் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. சமையல் அந்தப் பெண்களிடமே இருக்கட்டும், ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து. திடல் வாடகை ஊர்க் கணக்கில் சேரட்டும்.

கழிவுத் தொட்டியை எங்கே இறக்குவது என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் திடலுக்கு இடம் பார்க்க வேண்டும். அலையாத்தி ஓரம் ஆகவே ஆகாது. நாங்கள் எங்கள் தொட்டியை மூடியபடியே சுமந்துபோய், வண்டி கொடுத்தவர்களின் ஷெட்டில்தான் இறக்கினோம். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. இருட்டில் கோட்டக்கரை ஆற்றங்கரையில் ஒருவர் மூடியைத் திறந்துவிட்டால் போதும், அது போய்ச் சேர்வது நண்டுக்குஞ்சு வளர்கிற அந்த வேர்களுக்குத்தான்.