விரல் நகத்தளவுப் பட்டாம்பூச்சி

பெங்களூர் யஷ்வந்தபுரம், ஜாலஹள்ளியைத் தாண்டி வடமேற்கே போனால் ஹெசரகட்டா வரும். 1894-ல் அர்க்காவதி ஆற்றில் ஏரி கட்டி, நகரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பிய ஊர் இது. ஏரியைச் சுற்றிப் பரந்து கிடப்பது புல்வெளி.

"பொட்டல்தானே, மரம் நட்டால் என்ன? கட்டடம் கட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

பெங்களூர்ப் பகுதிப் புல்தரைகளில் 'கிராஸ் ஜூவல்' என்றொரு பட்டாம்பூச்சி பறக்கிறது. இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. இறக்கையை விரித்தாலும் 2 சென்டிமீட்டர்தான். பின் இறக்கை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தை ஒட்டிக் கரும்புள்ளிகள் மணி போல மின்னும்.

எறும்பு காவல்

அவுரி இனச் சிறு செடிகளில் இது முட்டையிடும். புழு அந்தச் செடியையே தின்று வளரும். எறும்புகள் சுற்றி நின்று காவல் காக்கும். புழு சுரக்கும் இனிப்பு நீர்தான் அவற்றுக்குக் கூலி!

மரம் அடர்ந்தால் நிழல் விழும். நிழலில் அந்தச் செடிகள் நலியும். செடி போனால் பூச்சியும் போகும்.

5,678 ஏக்கர்

இந்தப் புல்வெளியைக் காப்பகமாக்கும் யோசனையை மாநில வனவிலங்கு வாரியம் 2021 ஜனவரியில் நிராகரித்தது. விவகாரம் ஐகோர்ட்டு வரை போனது. காப்பகமானால் ஆடு மாடு மேய்க்க முடியாதோ என்று கிராமத்தார் அஞ்சினர். 2024 அக்டோபரில் அதே வாரியம் 5,678 ஏக்கருக்கு ஒப்புதல் அளித்தது.

மழைக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறவர்கள் காலடியைப் பார்த்து நடப்பது நல்லது.