ஆச்சியும் அறுபது குரோனர் ரிமோட்டும்

கனநாளைக்குப் பிறகு எழுத வந்திருக்கிறன். படிப்பு, வேலை, பனி என்று காரணம் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனாலை நேரே விசயத்துக்கு வாறன். இந்தமுறை விசயம் ஒரு ரிமோட். அதுவும் விளையாட்டுப் பெட்டிக்குப் போடுற மலிவு ரிமோட். சிரிக்காமல் வாசியுங்கோ.

நான் இருக்கிறது ஒஸ்லோவின் கிழக்குக் கரையில், புருசெத்தில். 2ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் வந்தால் கடைசித் தரிப்புக்கு முதல் தரிப்பு. சித்தி வீட்டில் ஒரு அறை. சித்தப்பாவின் அம்மாவும் எங்களோடைதான். எனக்கு ஆச்சி. 81 வயது. முழங்கால் கொஞ்சம் கரைச்சல், மற்றும்படி கண்ணும் காதும் நினைவும் என்னிலும் பார்க்க நல்லாயிருக்கு.

ஆச்சியிட்டை ஒரு பிஸ்கற் ரின் இருக்கு. அதுக்குள்ளை பிஸ்கற் இல்லை, டிவிடி. பேரப்பிள்ளையின் சாமத்தியவீடு, நல்லூர்த் தேர், ரெண்டு கலியாணவீடு. எல்லாத்துக்கும் அடியிலை துணியாலை சுத்தினபடி இன்னொண்டு. ஆச்சியின் தங்கச்சியின் செத்தவீடு. அவ பருத்தித்துறையில் மோசம் போனது 2007இல். 2006 ஆகஸ்டிலேயே ஏ9 பாதை மூடியாச்சு. ஆச்சிக்குப் போக வழியில்லை. ஆரோ கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கையிருந்து ஆரோ நோர்வேக்குக் கொண்டுவந்து, அந்த டிவிடி கைக்கு வர ஏழு மாதம்.

வெளியிலை இருக்கிற சொந்தக்காரருக்காகச் செத்தவீட்டை வீடியோ எடுக்கிற வழக்கம் எங்கடை ஊர் ஆக்களுக்குப் புதுசில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விநோதமாக இருக்கலாம். போக முடியாத ஆக்களுக்கு அதுதான் போய்வந்த கணக்கு.

போன வருசம் வீட்டு டிவிடி பிளேயர் மண்டையைப் போட்டுது. என்ரை மடிக்கணினியில் தட்டுப் போட இடமே இல்லை. அப்பதான் ஸ்டோர் அறையில் சித்தியின் மகன் விட்டிட்டுப் போன பிளேஸ்டேசன் 3 கண்ணிலை பட்டுது. 2009இல் வந்த மெலிஞ்ச வகை. பழைய மின்சாதனத்தைக் கடைக்காரர் காசில்லாமல் திருப்பி எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம், அதனாலை சித்தி அதைக் கொண்டுபோய்க் குடுக்க எண்டு எடுத்து வைச்சிருந்தா. நான் மறிச்சுப்போட்டன். அது டிவிடியும் ஓடும், புளூரேயும் ஓடும், பாட்டு சிடியும் ஓடும். (பிறகு வந்த 4ம் 5ம் பாட்டு சிடி ஓடாது, தெரியுமோ?)

தட்டு ஓடிச்சுது. பிரச்சினை கையிலை பிடிக்கிற சாமானிலை வந்தது.

விளையாடுற கொன்ட்ரோலரை ஒருக்கா ஆச்சியின் கண்ணாலை பாருங்கோ. முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம். நிப்பாட்டுறதுக்கு ஒரு படமும் இல்லை. அதைவிட மோசம், மடியிலை வைச்சால் அடியிலை இருக்கிற விசைப் பொத்தான்கள் தானாக அமத்துப்பட்டு, படம் விழுந்தடிச்சு முன்னுக்கு ஓடும். கலியாணவீட்டிலை அது சிரிப்பு. செத்தவீட்டிலை ஆக்கள் எல்லாம் குடுகுடுவெண்டு ஓடினால் எப்பிடி இருக்கும்? ஆச்சி ஒண்டும் சொல்லேல்லை. கொன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைச்சிட்டு எழும்பிப் போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா: "தம்பி, இதை நானே போட்டுப் பாக்க ஏலாதோ? ஒவ்வொருக்காவும் உன்னைக் கூப்பிட்டுச் செத்தவீடு போடு எண்டு கேக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

அண்டைக்குத்தான் ரிமோட் தேடத் தொடங்கினது.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இது விளங்கும். 2000இல் பிளேஸ்டேசன் 2 வந்தபோது, டிவிடி பிளேயராகவும் பாவிக்கலாம் என்றே கனபேர் வாங்கினார்கள். முதல் வந்த வகைகளுக்கு ரிமோட் வேண்டுமென்றால் கொன்ட்ரோலர் குத்துற இடத்தில் ஒரு சின்ன வாங்கியைச் செருக வேணும், பிறகு வந்தவற்றில் அதை உள்ளுக்கே வைத்துவிட்டார்கள். 2001இன் முதல் எக்ஸ்பொக்ஸ் இன்னும் கெட்டித்தனம். ரிமோட்டும் வாங்கியும் சேர்ந்த பெட்டியைத் தனியாக வாங்கினால்தான் டிவிடியே ஓடும். 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இல் அகச்சிவப்பு வாங்கி உள்ளுக்கே இருந்தது. ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்சில் வந்த பிளேஸ்டேசன் 3இல் அது இல்லை. சோனி தன்ரை ரிமோட்டைப் புளூடூத்தில் செய்தது.

மலிவு ரிமோட்காரர் புகுந்தது இந்த இடத்தாலைதான். அவர்கள் அகச்சிவப்பு ரிமோட்டோடு ஒரு சின்ன யூ.எஸ்.பி. வாங்கியும் தருவார்கள். அதைப் பெட்டியின் முன்பக்கம் குத்தினால், பெட்டி அதை இன்னொரு கொன்ட்ரோலர் என்று நினைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃபின் தளத்தில் பாவித்தது ஒன்று கண்டன். அறுபது குரோனர். சோனியின் புளூடூத் ரிமோட்டை இன்னொருத்தர் அதைப்போல நாலு மடங்குக்குப் போட்டிருந்தார். மாணவன் எதை வாங்குவான் என்று நீங்களே சொல்லுங்கோ.

இனி அனுபவம். நாலு மாதப் பாவிப்பு.

முதலாவது, இந்த வகை ரிமோட்டால் பெட்டியை நிப்பாட்டிவைச்ச நிலையிலிருந்து எழுப்ப ஏலாது. பெட்டி நித்திரைக்குப் போனால் யூ.எஸ்.பி.க்குப் போற மின்சாரமும் நிண்டிடும். வாங்கிக்கு உயிரில்லை, பிறகு ஆர் கேக்கிறது? புளூடூத் ரிமோட் எழுப்பும். எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஆச்சிக்கு இல்லை. "தட்டுப் போட எப்பிடியும் எழும்பத்தானே வேணும்" எண்டிட்டா. அதுவும் நியாயம்தான். பெட்டியின் முன்பக்கப் பொத்தானில் மருமகளின் நகப்பூச்சாலை ஒரு சிவப்புப் புள்ளி வைச்சன்.

ரெண்டாவது, நேர்ப்பார்வை. ரிமோட்டும் வாங்கியும் ஒன்றை ஒன்று பார்க்க வேணும். ஆச்சி கதிரையில் சாய்ஞ்சிருந்து கூரையைக் காட்டி அமத்தினால் வேலை செய்யாது. மார்ச் மாதம் இன்னொரு கூத்து. பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு ரிமோட் செத்துப்போகும், இரவிலை உயிர்க்கும். பற்றரி மாத்தினன், வாங்கியைக் கழட்டிக் குத்தினன். கடைசியில் பார்த்தால் தாழ்ந்து வாற வெயில் யன்னலாலை நேரே வாங்கியில் விழுகுது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கு, அதன் முன்னாலை ரிமோட்டின் சின்ன வெளிச்சம் எடுபடாது. திரைச்சீலையை இழுத்துவிட்டன், சரி.

(ரிமோட் வேலை செய்யுதோ என்று பார்க்க: கைபேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடிச்சு அமத்துங்கோ. ஊதா நிறத்தில் மினுங்கினால் ரிமோட்டிலை பிழையில்லை. சில கைபேசிகளின் பின்பக்கக் கமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும்.)

மூன்றாவது, பொத்தான்கள். நாற்பதுக்குக் கிட்ட இருக்கு. ஆச்சிக்கு வேண்டியது நாலு. ஓட்டு, நிறுத்து, பின்னுக்கு, முன்னுக்கு. மிச்சத்துக்கு மேலை கறுத்த இன்சுலேசன் ரேப் ஒட்டிப்போட்டன். ஓட்டுறதுக்குப் பச்சை, இடையிலை நிறுத்துறதுக்குச் சிவப்பு. பெட்டியின் அமைப்புகளுக்குள் போய், தட்டுப் போட்டவுடன் தானாக ஓடுற மாதிரியும், சும்மா கிடந்தால் தானாக நிற்கிற மாதிரியும் மாத்தினன். இந்த ரெண்டும்தான் காசில்லாத பெரிய உதவி.

வாங்க முதல் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கு, நான் செய்யேல்லை. மெலிஞ்ச வகையில் எச்.டி.எம்.ஐ. கட்டுப்பாடு என்று ஒரு தெரிவு இருக்கு. அதைப் போட்டால் சில ரீவிகளின் சொந்த ரிமோட்டே பெட்டிக்கும் வேலை செய்யும். பிந்தித்தான் எனக்குத் தெரியும். எங்கடை ரீவியில் பாதிதான் வேலை செய்தது. பெட்டியைப் போட்டவுடன் ரீவி தானாக மாறும், ஆனால் நிறுத்துற பொத்தான் போய்ச்சேரேல்லை. உங்கடையில் முழுசாக வேலை செய்தால் அறுபது குரோனர் மிச்சம். றொம்மனில் இருக்கிற என்ரை நண்பனிடம் இன்னும் ஒரு எக்ஸ்பொக்ஸ் 360 ஓடுது. அதுக்கு மலிவு ரிமோட்டே போதும், தூரத்திலிருந்தே எழுப்பும். பிளேஸ்டேசன் 5 வைச்சிருக்கிற ஆக்களுக்கு அகச்சிவப்பு ஆசை வேண்டாம், அதிலையும் வாங்கி இல்லை. தட்டு வாசிக்கிற பகுதியே இல்லாத வகையும் இருக்கு, பார்த்து வாங்குங்கோ.

"ஏன் இவ்வளவு மினக்கேடு, கைபேசியில் ஏத்திக் குடுக்கலாமே" என்று நண்பன் கேட்டான். நானும் யோசிச்சனான். வீட்டிலை எரிச்ச டிவிடி காலம் போகப் போகப் பழுதாகும் எண்டதாலை எல்லாத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். ஆனால் ஆச்சிக்குத் தட்டுத்தான் வேணும். அதிலை பேனையாலை எழுதியிருக்கிறது தங்கச்சியின் மகனின் கையெழுத்து.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு இல்லாமல் போய் மத்தியானமே வீட்டுக்கு வந்தன். திரைச்சீலை மூடியிருக்கு. ஆச்சி ரிமோட்டைக் கையிலை வைச்சபடி. திரையில் படம் நிக்குது. தங்கச்சியின் முகத்தில்தான் நிப்பாட்டியிருப்பா என்று நினைச்சன். இல்லை. முற்றத்துப் பந்தலுக்குக் கீழை இருக்கிற சனம். கமராக்காரன் ஒரு வீச்சில் கடந்துபோன இடம்.

"வா தம்பி, இதிலை இரு. இவர் கடைக்கார அண்ணை, இல்லை இப்ப. பக்கத்திலை அவற்றை பெடியன், கனடாவிலை. இந்த மனுசி எங்களோடை படிச்சவ." சிவப்பை அமத்தினா, பச்சையை அமத்தினா. ரெண்டு ஆக்கள் நகர்ந்தார்கள், திரும்ப நிண்டார்கள். "உந்த மூலையிலை முக்காடு போட்டுக்கொண்டு நிக்கிறது ஆர் எண்டு இவ்வளவு வருசமா எனக்குத் தெரியேல்லை. ஓடிப்போயிடும். இண்டைக்குத்தான் வடிவாப் பாத்தன்."

ஆரெண்டு கேட்டன்.

"சின்னம்மாவின்ரை மகள். எங்களோடை கோவத்திலை இருந்தவ. வந்திருக்கிறா, பார்."

நான் தேத்தண்ணி போட எழும்பினன். ஆச்சி பின்னுக்குப் போற பொத்தானை அமத்தி, அவ படலைக்குள்ளாலை வாறதைத் தேடத் தொடங்கினா.

பி.கு: ரெண்டு பற்றரியும் நாலு மாதமாக அதேதான். நகப்பூச்சு மட்டும் ஒருக்கா திரும்பப் பூச வேண்டி வந்தது. சிவப்பில்.