ஹாஸ்டல் நாய் டோலோவைத் தின்னுட்டா?

செமஸ்டர் நேரத்துல பீளமேட்டு ஹாஸ்டல் ரூம்கள்ல பாதியில ஜன்னலோரமா ஒரு டோலோ 650 ஸ்ட்ரிப் கிடக்கும். வராண்டாவுல நம்ம பிஸ்கட்டுக்குப் பழகுன நாய் ஒண்ணு படுத்திருக்கும். ரெண்டும் சந்திக்கிற நாள் வந்தா என்ன பண்றதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க.

முதல்ல கணக்கு. பாராசிட்டமால் நாய்க்கு விஷமாக ஆரம்பிக்கிற அளவு, உடல் எடையில கிலோவுக்குச் சுமார் 100 மில்லிகிராம். தெரு நாய் 15 கிலோன்னு வைங்க: 1500 மி.கி. இரண்டரை மாத்திரைகூட இல்லை! முழு ஸ்ட்ரிப்ல 15 இருக்கு. 5 கிலோ குட்டிக்கு ஒண்ணே அதிகம். பூனைக்குக் கணக்கே போடாதீங்க, அரை மாத்திரையே உயிரை எடுக்கலாம்.

ஏன் இப்படி? பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது ஒரு நச்சுப்பொருள் உண்டாகும். அதை அடக்குறது குளுட்டாதயோன். அது தீர்ந்துபோனா கல்லீரல் செல்கள் சாகும். ரத்தத்துல ஹீமோகுளோபினும் கெட்டு, ஆக்சிஜனைச் சுமக்க முடியாம ஈறு பழுப்பாகும். காம்பிஃப்ளாம்ல பாராசிட்டமாலோட 400 மி.கி. ஐபுபுரூஃபனும் இருக்கு, அது வயித்தைப் புண்ணாக்கி, அளவு கூடினா சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நமக்கு நல்லது பண்ற மருந்து இன்னொரு உயிருக்கு எமனாகிறதுக்கு இந்தியாவே பெரிய சாட்சி. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ன கழுகுகளோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வச்சு, இனத்தையே அழிவு விளிம்புக்குத் தள்ளுச்சு. 2006-ல கால்நடைகளுக்கு அதைத் தடை பண்ணாங்க. தப்பிச்ச கொஞ்சம் கழுகுகள் நமக்குப் பக்கத்துல, நீலகிரி மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் இருக்கு.

சரி, நாய் தின்னுடுச்சு. மிச்சத்தை அதுக்கு எட்டாம எடுத்துட்டு, காலியான குழிகளை எண்ணுங்க. எத்தனை நம்ம சாப்பிட்டதுன்னு தெரியலையா? எல்லாமே நாய் தின்னதாத்தான் கணக்கு. ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடாதீங்க, டாக்டருக்கு வேணும். அவிநாசி ரோடு டிராஃபிக்ல ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கால்நடை மருத்துவருக்குப் போன் பண்ணி மருந்து பேரு, மி.கி., எண்ணிக்கை, நாயோட எடை, தின்ன நேரம் சொல்லிடுங்க. அவங்க திறந்திருக்காங்களான்னும் தெரிஞ்சிடும்.

"நல்லாத்தானே வாலாட்டுது, காலையில பாக்கலாம்" — நாய் சாகிறது பெரும்பாலும் இந்தப் பேச்சுலதான். கல்லீரல் கெடுறது வெளிய தெரிய ஒரு நாள், அதுக்கு மேலயும் ஆகலாம். வாந்தி எடுக்க வச்சு மருந்தை வெளிய கொண்டு வர்றது முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலதான் பலன் தரும். அதையும் டாக்டர்தான் ஊசி போட்டுப் பண்ணணும். உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, ரத்தத்துல சோடியம் ஏறி அதுவே கொல்லும். தொண்டையில விரல் விடாதீங்க, கடி வாங்குவீங்க. பால், தயிர் விஷத்தை முறிக்காது. பாராசிட்டமாலுக்கு முறிமருந்து உண்டு: அசிட்டைல்சிஸ்டீன். மனுஷங்களுக்குக் கொடுக்கிற அதேதான். சீக்கிரம் போனா வேலை செய்யும்.

இன்னொண்ணு. உடம்பு சுடுதுன்னு பாவப்பட்டு பன்னுக்குள்ள பாதி டோலோ வச்சுக் கொடுக்கிற நல்லவங்களும் நம்ம ஹாஸ்டல்ல உண்டு. நாயோட இயல்பான வெப்பநிலையே 38.3-லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். நம்ம கைக்கு அது எப்பவுமே சுடத்தான் செய்யும்.