மடிசன் மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: விசா, பயணம், தங்குமிடம்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகரான மடிசனில் தெற்காசிய ஆய்வு மாநாடு நடைபெறுகிறது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் இந்த மாநாட்டில் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கூடுகிறார்கள். இலங்கை பற்றிய அமர்வுகளும் அங்கு இடம்பெறுகின்றன. போர், இடப்பெயர்வு, காணி, காணாமலாக்கப்பட்டோர், நினைவேந்தல் என எங்கள் வாழ்க்கையே அங்கு ஆய்வுப்பொருளாகிறது.

நான் அங்கு இரண்டு தடவைகள் கட்டுரை வாசித்திருக்கிறேன். இரண்டு தடவையும் நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்தும் வந்துசேராத வடக்கு, கிழக்கு ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு விசா நேர்முகத் திகதி மாநாடு முடிந்த பின்னரே கிடைத்தது. இன்னொருவரால் ஹோட்டல் செலவைச் சமாளிக்க முடியவில்லை. மற்றொருவர் விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரு கேள்வியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்களைப் பற்றிய பேச்சு நாங்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. இவற்றில் பலவற்றை முன்கூட்டியே திட்டமிட்டால் தவிர்க்கலாம்.

எப்போது தொடங்குவது?

கட்டுரைச் சுருக்கங்களை ஏற்கும் காலம் வழக்கமாக ஏப்ரல் மாதமளவில் முடிந்துவிடும். சுருக்கத்தை அனுப்பிய நாளிலேயே கடவுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். மாநாட்டுக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் அது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் பத்தரமுல்லைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. போரில் பிறப்புப் பதிவேடுகள் அழிந்துபோனவர்கள் முதலில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும். இதற்கே மாதங்கள் ஆகலாம்.

பெயரின் ஆங்கில எழுத்துகளையும் கவனியுங்கள். தகப்பன் பெயர் முன்னால் வருவதும், முதலெழுத்தாகச் சுருங்குவதும் எங்களிடம் வழமை. கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் பல்கலைக்கழகக் கடிதத்தில் வேறு மாதிரியும் இருந்தால் தேவையில்லாத கேள்விகள் வரும். மாநாட்டு அழைப்புக் கடிதம் கேட்கும்போது, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

விசா விண்ணப்பம்

மாநாட்டுக்குச் செல்பவர்களுக்கு பி1 வகை விசா. நடைமுறையில் பி1/பி2 என்று சேர்த்தே வழங்குவார்கள். டிஎஸ்-160 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 டொலர் கட்டணம் செலுத்தி, கொள்ளுப்பிட்டியில் உள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போகவேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது. கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், தரகர் சொல்வதை நம்பாமல் தூதரக இணையத்தளத்தையே பாருங்கள்.

சுற்றுலா, வணிக விசா கேட்கும் எவரும் அங்கேயே தங்கிவிடக்கூடியவர் என்ற ஊகத்துடன்தான் அமெரிக்கச் சட்டம் தொடங்குகிறது. திரும்பி வருவதற்கான காரணத்தைக் காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. வேலைக் கடிதம், அங்கீகரிக்கப்பட்ட விடுமுறைக் கடிதம், மாணவரானால் பதிவுச் சான்று, செலவை யார் ஏற்கிறார் என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நேர்முகம் சில நிமிடங்களே நடக்கும். உங்கள் கட்டுரை எதைப் பற்றியது என்பதை இரண்டு வசனத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் குடும்ப நிலை பற்றிய கேள்வி உண்டு. கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். ‘விதவை’ என்று எழுதினால்தான் விண்ணப்பம் செல்லும் என்றில்லை. ‘வேறு’ என்ற தெரிவும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெறப்பட்ட காணக்கிடைக்காமைச் சான்றிதழ் கையில் இருந்தால் அதன் பிரதியையும் வைத்திருங்கள். சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் அதற்காக எடுக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

அந்தக் கேள்வி

துணைப்படை, கெரில்லா அமைப்பு, கிளர்ச்சி அமைப்பு எதிலாவது இருந்தீர்களா, தொடர்புபட்டீர்களா என்றும் படிவம் கேட்கிறது. ஆயுதப் பயிற்சி பற்றியும் கேட்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997 ஒக்டோபரில் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டுச் சட்டத்தில் ‘பொருள்சார் உதவி’ என்பதன் எல்லை மிகவும் அகலமானது. ஆயுதம் தூக்கியவர்கள் மட்டுமல்ல, பணம், உணவு, தங்குமிடம் கொடுத்தவர்களும் அதற்குள் வரலாம். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வலை என்பதை விளக்கத் தேவையில்லை.

இங்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பொய் எழுதாதீர்கள். பொய்யென்று பின்னர் தெரியவந்தால் நிரந்தரத் தடை வரலாம். வற்புறுத்தலின் பேரில் நடந்தவற்றுக்கு விலக்களிக்கும் நடைமுறை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். புனர்வாழ்வு பெற்றவர்கள், புலிகளின் நிர்வாகத்தின் கீழ் வேலை செய்தவர்கள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் படிவத்தை அனுப்புவதற்கு முன்னர் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவருடன் கட்டாயம் பேசுங்கள். ஊரில் படிவம் நிரப்பித் தருபவர் ‘இல்லை என்று போடுங்கோ அண்ணை’ என்று சொல்வார். பின்விளைவை அவர் அனுபவிக்கப்போவதில்லை.

கணினியில் என்ன கொண்டுபோகிறீர்கள்?

அமெரிக்க விமானநிலையங்களில் குடிவரவு அதிகாரிகளுக்குத் தொலைபேசியையும் மடிக்கணினியையும் சோதிக்கும் அதிகாரம் உண்டு. கட்டுநாயக்கவில் திரும்பி இறங்கும்போதும் எங்களுக்கு அந்தப் பயம் இல்லாமலில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், சாட்சிகள், முன்னாள் போராளிகள் ஆகியோருடன் செய்த நேர்காணல்களை அப்படியே கணினியில் வைத்துக்கொண்டு பயணிக்காதீர்கள். குரல்பதிவு, பெயர்ப்பட்டியல், தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் நம்பிக்கையான இடத்தில் விட்டுவிட்டு, வாசிக்கப்போகும் கட்டுரையையும் படக்காட்சியையும் மட்டும் கொண்டுபோங்கள். எங்களை நம்பிப் பேசியவர்களின் பாதுகாப்பு எங்கள் பயணத்தைவிட முக்கியமானது.

பயணம்

கொழும்பிலிருந்து டோஹா, டுபாய், அபுதாபி வழியாக சிக்காகோ ஓஹெயர் விமானநிலையத்துக்குப் போவது வசதியானது. விமானநிலையத்தை விட்டு வெளியேறாமல் மாறுவதால் இடைவழி விசா தேவையில்லை. ஐரோப்பிய நகரங்கள் வழியாகப் போவதானால் அந்த விதியை முதலில் விசாரியுங்கள்.

சிக்காகோவில் அதிகாரி உங்களைத் தனி அறைக்கு அழைக்கலாம். சீருடை அணிந்தவர் ‘இந்தப் பக்கம் வாருங்கள்’ என்றதும் எங்கள் மனம் எந்தச் சோதனைச்சாவடிக்குத் திரும்பிப்போகும் என்பது எனக்குத் தெரியும். அங்கு இது பலருக்கும் நடக்கும் இரண்டாம் கட்ட விசாரணை. அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருங்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விடுங்கள்.

ஓஹெயரிலிருந்து மடிசனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். நேரடி பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். மடிசனுக்கே விமானத்தில் போவதைவிட இது மலிவு. ரொறன்ரோவில் உள்ள உறவினர் ‘இங்கே வந்துவிட்டுப் போ’ என்பார்கள். அது தரைவழியாக 1,000 கிலோமீற்றருக்கு மேல், வேறு நாடு, வேறு விசா.

மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் அதிக தூள் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. இறைச்சி, பழம், விதை கொண்டுபோகாதீர்கள். உணவுப்பொருள் எதுவானாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

தங்குமிடம்

மாநாடு பல ஆண்டுகளாக நகர மத்தியில் உள்ள கொன்கோர்ஸ் ஹோட்டலில் நடந்துவருகிறது. மாநாட்டுக்கு வருபவர்களுக்கென குறைந்த விலையில் ஒதுக்கப்படும் அறைகள் விரைவில் முடிந்துவிடும். ஒக்டோபர் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அணியின் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டி உள்ளூரில் நடந்தால் 70,000 பேருக்கு மேல் மைதானத்துக்கு வருவார்கள். அந்த வார இறுதியில் நகரம் முழுவதும் அறை விலை ஏறிவிடும். ஆகவே விசா கிடைக்கும்வரை காத்திருக்காமல், கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய பதிவாகப் பார்த்து முன்பே செய்துகொள்ளுங்கள்.

அறைகளில் பெரும்பாலும் இரண்டு கட்டில்கள் இருக்கும். அமர்வில் உங்களுடன் பேசும் இன்னொருவருடன் பகிர்ந்தால் செலவு பாதியாகும். அமர்வுத் தலைவருக்கு எழுதிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், மாணவர்கள் பலரும் அப்படித்தான் தங்குகிறார்கள். காட்டப்படும் விலையில் வரி சேர்ந்திருக்காது. வரவேற்பறையில் கடனட்டை கேட்டு, அறை வாடகைக்கு மேலதிகமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா, எவ்வளவு வரை என்பதைப் புறப்படும் முன்னர் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டலிலிருந்து மாநிலச் சட்டமன்றக் கட்டடமும், பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஸ்டேட் வீதியும் நடந்துபோகும் தூரம். ஹோட்டல் சாப்பாட்டைவிட அந்த வீதிக் கடைகளில் மலிவாகச் சாப்பிடலாம். சனிக்கிழமை காலையில் சட்டமன்றச் சதுக்கத்தைச் சுற்றி விவசாயிகளின் சந்தை கூடும். இரண்டு ஏரிகளுக்கு நடுவில் உள்ள நகரம் என்பதால் காற்று குளிரும், தடித்த மேலங்கி அவசியம். மின்சாரம் 120 வோல்ட். தொலைபேசி மின்னூக்கிக்குத் தட்டைமுனைப் பொருத்தி வாங்குங்கள். இங்கிருந்து கொண்டுபோகும் கேத்தல் சரியாகச் சூடேறாது. ஒக்டோபரில் மடிசன் எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால், எனவே முதல்நாள் காலை அமர்வென்றால் இரண்டு நாள் முன்னரே போய்ச்சேருங்கள்.

விசா கிடைக்காவிட்டால்

மறுக்கப்பட்டால் அன்றே அமர்வுத் தலைவருக்கு அறிவியுங்கள். கட்டுரையை இன்னொருவர் உங்கள் பெயரில் வாசிக்க முடியுமா, காணொளியாக இணைக்க முடியுமா என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் ‘வரவில்லை’ என்ற குறிப்போடு உங்கள் பெயர் முடிந்துவிடும். ஏன் வரவில்லை என்பது அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும். போருக்குப் பின்னரான எங்கள் நிலை பற்றிய ஆய்வில் அதுவும் ஒரு தகவல்தான்.