பாதரசம் படிந்த வேளாண் மண்ணும் காய்கறிப் பாதுகாப்பும்: வான்ஷான் சுரங்கப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வேளாண் மண்ணில் உள்ள பாதரசத்தின் அளவை மட்டும் கொண்டு அங்கு விளையும் காய்கறியின் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாது. பாதரசம் பயிருக்குள் நுழையும் வழி பயிருக்குப் பயிர் வேறுபடுகிறது. சீனாவின் வான்ஷான் பகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டையும் அதனால் விளையும் நடைமுறைத் தேவைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாதரசம், மெத்தில் பாதரசம், கீரை, நன்செய், வான்ஷான்

முன்னுரை

சீனாவின் குய்சோ மாகாணத்தில் உள்ள வான்ஷான், அந்நாட்டின் 'பாதரசத் தலைநகர்' என அழைக்கப்பட்ட ஊராகும். அங்குப் பல நூற்றாண்டுகளாகச் சாதிலிங்கம் வெட்டியெடுக்கப்பட்டது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த இத்தாதுவைச் சூளையில் வறுத்தால் பாதரசம் ஆவியாகப் பிரியும். அதைக் குளிர்வித்துத் திரவமாகச் சேகரிப்பர். பெருஞ்சுரங்கப் பணி 2001ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. எனினும் வறுத்த தாதுவின் கழிவுகள் மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் தங்கிவிட்டன. அந்த ஓடைநீரே கீழுள்ள வயல்களுக்குப் பாய்ந்தது. தம் வயலில் விளைந்ததையே உண்ணும் குடும்பங்களுக்கு மண்ணின் நிலை நேரடியாக உணவின் நிலையாகிறது.

மண்ணில் பாதரசத்தின் நிலை

மாசுபடாத மண்ணில் பாதரசம் பொதுவாக ஒரு கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். சீனாவின் 2018ஆம் ஆண்டு வேளாண் மண் தரநிலை, மண்ணின் அமிலத்தன்மைக்கு ஏற்ப நெல் வயலுக்கு 0.5 முதல் 1.0 மில்லிகிராம் வரையும், பிற நிலங்களுக்கு 1.3 முதல் 3.4 மில்லிகிராம் வரையும் வரம்பு வகுத்துள்ளது. நன்செய்க்கு வரம்பு கடுமையாக இருப்பதற்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

மண்ணில் சேரும் பாதரசத்தின் பெரும்பகுதி கந்தகத்தோடும் மட்கோடும் இறுகப் பிணைந்துவிடுகிறது. வேர் உறிஞ்சும் சிறு பகுதியும் பெரிதும் வேரிலேயே தங்கிவிடுகிறது. தண்டுக்கும் காய்க்கும் மிகக் குறைவாகவே ஏறுகிறது. ஆகவே தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற காய்களில் பாதரசம் பொதுவாகக் குறைவாகவே காணப்படுகிறது.

கீரையும் காற்றும்

கீரை வகைகளின் நிலை வேறு. மாசுபட்ட மண்ணும் கழிவுக்குவியலும் பாதரச ஆவியைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. அவ்வாவி இலைத்துளைகளின் வழியே உட்புகுந்து இலைத்திசுவில் நிலைபெறுகிறது. அகன்ற இலைகளையுடைய கீரையிலும் முட்டைக்கோசிலும் இவ்வாறு சேரும் பாதரசம் வேர்வழி ஏறுவதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். இலையின் மேல் படிந்த மண்துகளை நீரில் கழுவி நீக்கலாம். திசுவினுள் சேர்ந்ததை நீக்க இயலாது. எனவே மண் பரிசோதனையில் வரம்புக்குள் அமைந்த நிலத்திலும், அருகில் கழிவுக்குவியல் இருப்பின், கீரை மாசுபட வாய்ப்புண்டு.

நன்செய்யில் நிகழும் மாற்றம்

நீர் தேங்கிய வயலில் உயிர்வளி குறைகிறது. அந்நிலையில் சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மினமாட்டா நோய்க்குக் காரணமான இச்சேர்மம் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடைகிறது. நெற்பயிர் இதனை எளிதில் ஏற்று மணியில் சேர்க்கிறது. மெத்தில் பாதரசம் மீன் வழியாகவே உடலை அடைகிறது என்பது பொதுக்கருத்து. ஆயினும் குய்சோ மக்களின் உணவை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் உட்கொள்ளும் மெத்தில் பாதரசத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அரிசியிலிருந்து வருவதை நிறுவியது.

உணவில் பாதுகாப்பு எல்லை

உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்த வல்லுநர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரத்திற்குக் கனிமப் பாதரசம் 4 மைக்ரோகிராம், மெத்தில் பாதரசம் 1.6 மைக்ரோகிராம் என எல்லை வகுத்துள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் கனிமப் பாதரசத்தின் வார எல்லை 240 மைக்ரோகிராம் ஆகும். சீனத் தரநிலை புதிய காய்கறிக்கு வகுத்த வரம்பு கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம். அவ்வரம்பில் உள்ள காய்கறியை நாள்தோறும் 300 கிராம் உண்டால் வாரத்திற்கு 21 மைக்ரோகிராம் சேரும்; இது எல்லைக்கு வெகு கீழே உள்ளது. வரம்பைப்போல் பத்து மடங்கு பாதரசம் உள்ள கீரையாயின் 210 மைக்ரோகிராம் சேரும். பிற உணவுகளுக்கு இடமின்றி எல்லை ஏறத்தாழ நிரம்பிவிடும். எடை குறைந்த குழந்தைகளுக்கு இவ்வெல்லை இன்னும் விரைவில் நிரம்பும்.

தீர்வு வழிகள்

கழிவுக்குவியலை மண்ணிட்டு மூடுதல் ஆவியையும் நீர்வழிப் பரவலையும் ஒருங்கே குறைக்கும். நெல் வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சுதல் மெத்தில் பாதரச உருவாக்கத்தைத் தணிக்கும். நன்செய்யைப் புன்செய்யாக மாற்றிக் காய்வகைப் பயிர்களைத் தேர்வதும் பயன்தரும். குவியலுக்கு அண்மையில் கீரை பயிரிடுதலைத் தவிர்த்தல் செலவற்ற முதல் நடவடிக்கையாகும்.

முடிவுரை

காய்க்கு மண்ணும், கீரைக்குக் காற்றும், நெல்லுக்குத் தேங்கிய நீரும் பாதரசத்தின் போக்கை முதன்மையாகத் தீர்மானிக்கின்றன. ஆகவே மண் பரிசோதனையோடு காற்றையும் பாசன நீரையும், இறுதியாக உண்ணப்படும் விளைபொருளையும் சோதித்தலே முறையாகும். சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் இச்சோதனை தொடர வேண்டும் என்பதை வான்ஷான் உணர்த்துகிறது.