தறித்த கொம்பில் தளிர்

செடி கொடிகளை வெட்டுதற்குத் தமிழிற் சொற்கள் பல உள. முருங்கையைத் தறிக்கிறோம், கொழுந்தைக் கிள்ளுகிறோம், வேலிப் பூவரசிற் குழை வெட்டுகிறோம், மலையகத்தார் தேயிலையிற் கவ்வாத்து வெட்டுகின்றனர். இச்சொற்களை வழங்குவோர் எவரும் அழித்தலைக் கருதுவதில்லை. இனித் தளிர்க்கும் என்னும் நம்பிக்கை கத்தியோடு கூடவே செல்கிறது.

எம்மில்லத்து விறாந்தையிலே ஒரு குரோட்டன் சாடி உண்டு. ஆறாண்டுகளாக அது மேல்நோக்கியே வளர்ந்தது. அடியிலைகள் உதிர்ந்து தண்டு வெறுங்கோலாயிற்று. உச்சியில் மட்டும் செம்மஞ்சட் குடையொன்று. வந்தவர்களோ, ‘நல்ல உயரம்’ என்று வியந்தனர். உயரத்தையே செழிப்பெனக் கொள்ளுதல் மாந்தர் இயல்பு போலும்! சென்ற புரட்டாதியில், மாரிக்கு முன்னர், அதனை ஒரு முழம் விட்டுத் தறித்தேன். கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தியால், ஒரே வெட்டாக வெட்டுதல் வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். வெட்டுவாயில் வடியும் வெண்பால் தோலிற் பட்டால் எரிவுண்டாக்கும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. “என்னப்பா, இதை மொட்டையாக்கிப் போட்டியளே!” என்றார் மனைவியார். மூன்று வாரங்களில் வெட்டுக்குக் கீழே மூன்று கண்கள் விழித்தன.

அவை புதிதாய்த் தோன்றியவை அல்ல; இலைக்கக்கத்தில் நெடுநாள் உறங்கிக் கிடந்தவை. நுனிமொட்டிற் பிறந்து கீழிறங்கும் ஒட்சின் என்னும் வளரூக்கி பக்க அரும்புகளை அடக்கி வைக்கிறது. 1928 இல் வெண்ட் என்னும் டச்சு அறிஞர் அவ்வூக்கியைப் பிரித்துக் காட்டினார். சில ஆண்டுகளில் திமானும் ஸ்கூக்கும், நுனியைக் கொய்து அவ்விடத்தில் ஒட்சினை இட்டால் அரும்புகள் மீண்டும் உறங்குதலைக் கண்டனர். நுனி ஒன்று தழைத்தற்காக எத்தனை கண்கள் மூடிக் கிடக்கின்றன!

தேயிலைத் தோட்டத்தார் ஒரு படி மேலே செல்வர். கவ்வாத்து வெட்டுமுன் வேரை நறுக்கி அயடீன் இட்டு, மாப்பொருள் சேர்ந்துள்ளதா என்று சோதிப்பர். சேமிப்பில்லாத செடியை வெட்டினால் அது பட்டுப்போதலும் உண்டு. ஆகவே வெட்டு எல்லாம் மறுமலர்ச்சி ஆகாது. இதனை மறந்து, ‘அனைத்தையும் துறந்துவிடு’ என்று மேடையில் முழங்குவோர் மீது எனக்கு மதிப்பில்லை.

இலக்கணத்திலும் இந்நெறி உண்டு. நன்னூலார் கூறும் விகாரம் மூன்றனுள் கெடுதலும் ஒன்று. மரம் என்னுஞ் சொல் வேரோடு புணரும்போது மகரத்தை இழக்கிறது. இழந்த பின்னரே ‘மரவேர்’ என நிற்கிறது.

ஐம்பது கடந்த எனக்கு இவையெல்லாம் வேடிக்கைச் செய்திகள் அல்ல. வாசிகசாலைச் செயலாளர் பதவி, இரண்டு சபைகளின் நிருவாகக்குழு, ஆண்டுமலர்ப் பதிப்பாசிரியம் என என்மீது கிளைத்தவை பல. மறுபுறம், என் ஆசிரியர் இறக்குமுன் என்னிடந் தந்த குறிப்பேடுகள் பதினொன்று. சேனாவரையர் உரைக்கு அவர் பாடஞ்சொன்ன விளக்கங்கள் அவற்றில் உள்ளன. மை மங்கி வருகிறது. அவர் கையாண்ட சுருக்கெழுத்துகளை அறிந்தார் இன்று நான் ஒருவனே.

தைமாதத்திற் பதவிகள் யாவற்றையும் விட்டேன். சபையார் சிலர் மனம் வருந்தினர். பகை காரணமோ என்று வினாவியவரும் உளர். செடிக்கு வெட்டுவோன் வேறு. மனிதனோ தன்னைத் தானே வெட்டவேண்டியவன். உவமை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் நன்னூல் கேட்க வரும் ஐந்து மாணவர்களை மாத்திரம் நிறுத்தவில்லை. என் வேரிலுள்ள மாப்பொருள் அவர்கள் கேட்கும் வினாக்களே எனலாம்.

செயலாளர் நாற்காலியில் இப்போது ஓர் இளம் ஆசிரியை அமர்ந்திருக்கிறார். நூற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் வேலையை வந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டார்.

குறிப்பேட்டில் முதலாவதைப் படியெடுத்து வருகிறேன். நாற்பது பக்கங்கள் ஆயின. கிளவியாக்கம் இன்னும் முடியவில்லை.