பழைய மடிக்கணினியும் புதிய தேவையும்

நுழையும்முன்

அங்காடி என்பது பொருள்கள் விற்கும் கடைத்தெரு. பண்டைய மதுரையில் நாளங்காடி பகலிலும் அல்லங்காடி இரவிலும் இயங்கின என்பதை மதுரைக்காஞ்சியால் அறிகிறோம். அன்று வாங்குவோர் பொருளைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அதன் தரத்தை அறிந்தனர். இன்றோ ஒரு மடிக்கணினியின் தரம் அதன் மூடிக்குள் மறைந்திருக்கிறது. அதனை அறிந்து வாங்குவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பழவங்காடியில் ஒரு குடும்பம்

திருவனந்தபுரத்தில் மகாத்மா காந்தி சாலை கிழக்கே கோட்டையை நெருங்கும் இடத்தில் பழவங்காடி உள்ளது. அங்குள்ள கணபதி கோயிலில் தேங்காய் உடைக்கும் ஓசை நாள்தோறும் கேட்கும். அருகிலேயே சாலைக் கடைத்தெரு. தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் பல தலைமுறைகளாகப் புழங்கிவரும் இடம் அது. 1956ஆம் ஆண்டு வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. எனவே, இவ்விரு ஊர்களுக்கிடையே பிழைப்பிற்காக மக்கள் வந்துபோவது புதிதன்று.

நாகர்கோவிலிலிருந்து வந்து பழவங்காடிக்கு அருகில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறார். தாய் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறார். மூத்த மகள் முதுகலையில் புள்ளியியல் பயில்கிறாள். இளைய மகன் எட்டாம் வகுப்பு மாணவன்.

அவ்வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி இருந்தது. மகள் ஊரில் மேல்நிலைக் கல்வி பயின்றபோது தமிழ்நாடு அரசு வழங்கியது அது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே ஆயிற்று. இக்குடும்பத்திற்கும் அப்படித்தான். அக்காளின் சான்றிதழ்களும், மறைந்த பாட்டியின் ஒளிப்படங்களும் அதில்தான் இருந்தன.

இப்போது அந்தக் கணினி தளர்ந்துவிட்டது. இயக்கினால் விழித்தெழப் பல நிமிடங்கள் ஆயின. புள்ளியியல் பாடத்திற்கான மென்பொருளைத் திறந்தால் திரை உறைந்து நின்றது. குடும்பத்தார் சிறுகச் சிறுகச் சேர்த்த 55,000 ரூபாய் கையில் இருந்தது. அதனைக் கொண்டு எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது.

முதல் வேலை நோயறிதல்

மருத்துவர் நோயை அறிந்த பின்னரே மருந்து தருவார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். பழைய கணினிக்கு உண்மையில் என்ன குறை என்று அறியாமல் புதியதை வாங்கினால், அதே குறை புதியதிலும் இருக்கக்கூடும்.

தந்தை வேலை செய்யும் மளிகைக் கடையை எண்ணிப் பார்த்தால் கணினியின் உள்ளமைப்பு எளிதில் விளங்கும். கடையில் பொருளை நிறுத்துக் கட்டிக்கொடுப்பவர் ஒருவர் இருப்பார். அவரே கணினியின் நுண்செயலி. அவருக்கு முன்னால் ஒரு மேசை இருக்கும். அப்போதைக்குத் தேவையான பொருள்களை அதன்மேல் பரப்பி வைத்திருப்பார். அந்த மேசையே ராம் என்று வழங்கும் தற்காலிக நினைவகம். கடையின் பின்கட்டில் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு இருக்கும். அதுவே சேமிப்பகம்.

கட்டிக்கொடுப்பவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும், மேசை சிறியதாயின் ஒவ்வொரு பொருளுக்கும் கிடங்கிற்கு ஓட வேண்டியிருக்கும். கிடங்கின் வழியும் குறுகலாயின் வாடிக்கையாளர் காத்தே நிற்பார். பழைய கணினியில் நடந்தது இதுதான். அதன் நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே. அதன் சேமிப்பகம் சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டு. அவ்வகை வன்தட்டில் ஒரு சிறு முள் நகர்ந்து சென்று தரவைத் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு ஏதும் இல்லை. அதனால் அது தரவை மிக விரைவாகத் தருகிறது.

மற்றொரு குறையும் இருந்தது. அக்கணினியில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினி, தாழ்ப்பாள் பழுதான கதவு போன்றது. விண்டோஸ் 11 இயங்குதளமோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய நுண்செயலியையும் வேண்டுகிறது. இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலே அது ஏற்கப்படுகிறது. பழைய கணினி அந்த வரம்பிற்குள் வரவில்லை.

தேவையின் பட்டியல்

கடைக்குச் செல்லுமுன் அக்காள் ஒரு தாளை எடுத்து, வீட்டில் கணினியால் செய்யும் வேலைகளை எழுதினாள். புள்ளியியல் மென்பொருள், ஆய்வேடு எழுதுதல், இணைய வகுப்பு, தாயின் தையல் கணக்கு, தம்பியின் பாடங்கள், தமிழில் தட்டச்சு ஆகியவை அதில் இடம்பெற்றன.

தம்பி தன் பங்கிற்கு, “விளையாட்டும் எழுது அக்கா” என்றான். அக்காள் எழுதினாள். ஆனால், கடைசி வரியில் எழுதினாள். பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பதே எந்தக் கணினி வீட்டிற்கு வரும் என்பதை முடிவு செய்கிறது.

மூன்று கணினிகள்

கடையில் மூன்று மடிக்கணினிகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன.

முதலாவது 42,000 ரூபாய். திரை பெரியது. நினைவகம் 8 ஜிகாபைட். நுண்செயலி ரைசன் 5 7520யு.

இரண்டாவது 49,000 ரூபாய். திரை 14 அங்குலம். நினைவகம் 16 ஜிகாபைட். எஸ்.எஸ்.டி. 512 ஜிகாபைட். நுண்செயலி ரைசன் 5 7530யு.

மூன்றாவது 63,000 ரூபாய். விளையாட்டுகளுக்கு ஏற்ற தனி வரைகலை அட்டை கொண்டது. எடையும் மிகுதி.

தம்பியின் கண் மூன்றாவதன்மேல் பதிந்தது. தாயின் மனம் முதலாவதை நாடியது. “இரண்டிற்கும் பெயர் ஒன்றாகத்தானே இருக்கிறது? ஏழாயிரம் ரூபாய் மிச்சமாகுமே” என்றார் அவர்.

அக்கேள்வி நியாயமானது. முதல் இரண்டு கணினிகளின் நுண்செயலிப் பெயர்களுக்கிடையே ஓர் இலக்கம்தான் வேறுபாடு. எனினும், அந்த ஓர் இலக்கத்தில்தான் செய்தி இருக்கிறது. இவ்வரிசையில் எண்ணின் மூன்றாம் இலக்கம் உள்ளமைப்பின் தலைமுறையைக் குறிக்கிறது. 7520யு என்பதில் உள்ள 2, 2019ஆம் ஆண்டில் அறிமுகமான ஜென் 2 என்னும் அமைப்பைக் காட்டும். 7530யு என்பதில் உள்ள 3, அதற்கு அடுத்து வந்த ஜென் 3 அமைப்பைக் காட்டும். முன்னதில் நான்கு உள்ளகங்களும் பின்னதில் ஆறு உள்ளகங்களும் உள்ளன. மளிகைக் கடைக் கணக்கில் சொன்னால், முன்னதில் நால்வரும் பின்னதில் அறுவரும் பொருள் கட்டுகின்றனர். பெயரின் தொடக்கத்தை மட்டும் படித்து வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிவதில்லை.

மேலும், முதலாவது கணினியின் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. நாளை தேவை பெருகினாலும் அதனைக் கூட்ட இயலாது. இன்று மிச்சமாகும் ஏழாயிரம், மூன்று ஆண்டுகளில் ஒரு புதிய கணினியின் விலையாகத் திரும்பி வரக்கூடும். மூன்றாவது கணினியோ கையிருப்பை மீறியது. அதன் சிறப்புப் பகுதி, பட்டியலின் கடைசி வரிக்கு மட்டுமே பயன்படுவது. ஆகவே, இரண்டாவதே பொருத்தமாயிற்று.

வாங்குமுன் காண வேண்டியவை

மின்கலத்தின் ஆற்றல் வாட்-மணி என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. 50 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி, எழுத்துவேலையின்போது சராசரியாக 10 வாட் மின்னாற்றலைச் செலவிட்டால், 50 ÷ 10 = 5 மணி நேரம் இயங்கும். விளம்பரம் சொல்லும் நேரத்தை நம்புவதைவிட இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று.

திரை, குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்டிருந்தால் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மங்குகிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டச்சு செய்தும் பார்க்கலாம்.

இந்தியாவில் விற்கப்படும் மடிக்கணினியும் அதன் மின்னேற்றியும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவெண் மின்னேற்றியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பட்டியல் விலையில் எவ்வளவு தள்ளுபடி என்பதைவிட, கையிலிருந்து எவ்வளவு செல்கிறது என்பதே கணக்கு. ஓணக்காலத் தள்ளுபடிக்கும் இவ்விதி பொருந்தும். சரக்கு மற்றும் சேவை வரியுடன் கூடிய இரசீதைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. பழுது நேர்ந்து தீர்வு கிடைக்காதபோது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அப்போது அந்த இரசீதே சான்றாகும்.

பழையது வீணன்று

49,000 ரூபாய் போக 6,000 ரூபாய் எஞ்சியது. பழைய கணினியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று தாய் கேட்டார். தந்தை மறுத்தார். “மேசை சிறியது, கிடங்கு மெதுவானது என்பதுதானே அதன் குறை? அவ்விரண்டையும் மாற்றிப் பார்ப்போம்” என்றார்.

முதலில் பாட்டியின் படங்களும் சான்றிதழ்களும் புதிய கணினியில் படியெடுக்கப்பட்டன. பின்னர், பழுதுபார்ப்பவர் சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினார், நினைவகத்தையும் கூட்டினார். நீக்கப்பட்ட வன்தட்டு ஓர் உறைக்குள் இடப்பட்டு, படங்களின் இரண்டாம் படியாக அலமாரியில் பாதுகாக்கப்பட்டது. அரிய தரவுகள் ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அந்த ஒன்று கெடும் நாளில் எல்லாம் போய்விடும்.

இயங்குதளத்திற்கு என்ன செய்வது? விடை அதே நகரத்தில் இருந்தது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டது. அது பள்ளிகளுக்காக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கி வழங்குகிறது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழ்நாடு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றிலும் சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இருந்தது. எனவே, அக்காளுக்கு அது புதிதன்று.

மூன்றாவது கணினி கிடைக்காத வருத்தத்தில் இருந்த தம்பியிடம் இந்தக் கணினி ஒப்படைக்கப்பட்டது. அக்காள் அதில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தாள். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையின் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையின் பக்கமும் அமைந்திருப்பது அதன் சிறப்பு. பள்ளியில் மலையாளத்தையும் இந்தியையும் ஆங்கிலத்தையும் நாள்தோறும் எழுதும் அச்சிறுவன், அன்று மாலை ஊரிலுள்ள தாத்தாவிற்குத் தமிழில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தான். நான்கு வரிகள்தாம். பழைய கணினி ஒருமுறைகூட உறையவில்லை.

இனி ஒருநாள் அக்கணினி முற்றிலும் ஓய்ந்துவிடும். அப்போதும் அதனைக் குப்பையில் எறிதல் கூடாது. அதன் மின்கலத்திலும் பலகைகளிலும் மண்ணையும் நீரையும் கெடுக்கும் பொருள்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், அத்தகைய பொருள்களை மறுசுழற்சி செய்யச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. கேரளத்தில் கிளீன் கேரளா நிறுவனம் மின்னணுக் கழிவுகளைச் சேகரிக்கிறது. கணினியைக் கொடுக்குமுன் அதிலுள்ள தரவுகளை முழுமையாக அழித்தல் வேண்டும். கோப்பை நீக்கினால் மட்டும் போதாது. நீக்கிய கோப்பை மீட்டெடுக்கும் வழிகள் உண்டு.

விலை மிகுந்தது சிறந்தது என்பதும் விலை குறைந்தது இலாபம் என்பதும் எப்போதும் உண்மையாவதில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவானால், எதை வாங்குவது என்பதும், எதை வாங்காமல் விடுவது என்பதும் தாமே தெளிவாகும்.

சொல்லும் பொருளும்

அல்லங்காடி – இரவுக் கடைத்தெரு
பின்கட்டு – கட்டடத்தின் பின்பகுதி
கிடங்கு – சரக்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்
கையிருப்பு – கைவசம் உள்ள பணம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

எண்ணி விடை எழுதுக

1. மளிகைக் கடையின் எந்தெந்தப் பகுதிகள் கணினியின் எந்தெந்தப் பகுதிகளுக்கு ஒப்பிடப்பட்டுள்ளன?
2. 42,000 ரூபாய்க் கணினியை அக்குடும்பம் வாங்காததற்குரிய காரணங்கள் இரண்டினை எழுதுக.
3. 42 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி சராசரியாக 7 வாட் செலவிட்டால் எத்தனை மணி நேரம் இயங்கும்?
4. உம் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை மாற்ற வேண்டுமா, சீர்செய்ய வேண்டுமா என்பதை எவ்வாறு முடிவு செய்வாய்? பத்து வரிகளில் எழுதுக.